கரும்பலகையில் நம் கையெழுத்து

விதை, உரம், பூச்சிவிரட்டி, மதிப்புக்கூட்டல் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். சந்தையில் நம் கடைக்கு முன்னால் நிற்கிற கரும்பலகையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. விளைந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு, வாங்க வருகிறவரிடம் முதலில் பேசுவது நாம் அல்ல, அந்தப் பலகைதான். அது என்ன சொல்கிறது, எந்தக் குரலில் சொல்கிறது என்று நாம் கவனிப்பதே கிடையாது. பக்கத்தில் நிற்கும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கப் போய்விடுகிறோம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்றரை ஏக்கரில் கடலையும் கத்தரியும் கொஞ்சம் நெல்லும் போடுகிறேன். கணினி வருவதற்கு முன்னால் வங்கியில் எல்லாமே கைதான். பேரேடு கையால் எழுதுவோம். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து, காசோலையில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்த கண்ணுக்கு ஒன்று தெரியும். அழகான கையெழுத்து, அழகில்லாத கையெழுத்து என்று எதுவும் இல்லை. அவரவர் கை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கையைக் கொஞ்சம் பழக்கினால், பத்தடி தள்ளி நிற்பவரும் படிக்கிற மாதிரிப் பலகை எழுதிவிடலாம். இதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஃப்ளெக்ஸா, பலகையா?

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்தக் கேள்வி வந்தது. "ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சுடலாம், பளிச்சுனு இருக்கும்" என்றார்கள் சிலர். நான் மூன்று காரணம் சொன்னேன்.

ஒன்று, நம் சரக்கு வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வாரம் கத்தரி, அடுத்த வாரம் வெண்டை, ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. விலையும் மாறும். அச்சடித்த விலைமேல் காகிதம் ஒட்டி, அதன்மேல் இன்னொரு காகிதம் ஒட்டினால் பார்ப்பவருக்கே சந்தேகம் வரும். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அன்றன்றைய விலை எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் இருக்க வேண்டும் என்பதும் அதன் நடைமுறைகளில் ஒன்று. எழுதி, அழித்து, மறுநாள் எழுதும் பலகை அந்த வேலைக்கென்றே பிறந்தது.

இரண்டு, ஃப்ளெக்ஸ் என்பது பிளாஸ்டிக். மஞ்சப்பை கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டு அதையே பிவிசி துணியில் அச்சடித்துக் கட்டினால் எப்படி?

மூன்றாவதுதான் முக்கியம். ஃப்ளெக்ஸில் வரும் தக்காளிப் படம் நம் தக்காளி அல்ல. எங்கேயோ, யாரோ எடுத்த படம். எழுத்தும் கணினிக்குள் இருக்கிற எழுத்து. நகைக்கடைக்கும் அதே எழுத்து, கண்ணீர் அஞ்சலிக்கும் அதே எழுத்து. கையால் எழுதிய பலகை இன்று காலை இந்த ஆள் எழுதியது என்று சொல்லாமலே சொல்லிவிடும். நேரடி விற்பனை என்று நாம் சொல்வதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

பலகையைத் தயார் செய்வது

பழைய பலகைக்குக் கரி பூசிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். வேலியில் கிடக்கும் கோவை இலையையும் ஊமத்தை இலையையும் பறித்துவந்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, பள்ளிக்கூடப் பலகையில் பூசுவோம். கை இரண்டும் பச்சையும் கறுப்புமாக இருக்கும். இப்போதும் அதைச் செய்யலாம். ஆனால் ஊமத்தை நஞ்சு. காய்கறிக் கடையில் வைக்கும் பலகைக்கு அது வேண்டாம், கோவை இலை போதும். கரியை நன்றாகப் பொடித்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். திப்பி இருந்தால் சாக்பீஸ் துள்ளும். இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நிழலில் காய்ந்த பிறகு அடுத்தது. இந்தப் பூச்சு தண்ணீர் பட்டால் போய்விடும். உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு ஆகாது.

அடிக்கடி ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றால், ஒட்டுப்பலகையில் கரும்பலகைப் பெயிண்ட் அடித்துக்கொள்வதே நல்லது. புதுப் பலகையில் உடனே எழுதிவிடாதீர்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து, பலகை முழுவதும் தேய்த்து வெள்ளையாக்கி, பிறகு துடைத்துவிடுங்கள். சாக்குத்தூள் பலகையின் நுண்துளைகளில் போய் நிரம்பிவிடும். இதைச் செய்யாவிட்டால் முதல்நாள் எழுதிய எழுத்தின் நிழல் அழியாமல் பல வாரம் தெரியும். போன வார விலையும் இந்த வார விலையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் பேரம் பேசுகிறவருக்குக் கொண்டாட்டம்!

நம் ஊரில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான். ஜிப்சத்தைச் சூடாக்கினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதைத் தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றினால் மறுபடி இறுகி ஜிப்சமாகிவிடுகிறது. கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே, அதே பொருள். ஆனாலும் கீரைக்கட்டுக்கு மேலே பலகையைத் தட்டாதீர்கள். தூள் கீரையில் இறங்கும். தள்ளி எடுத்துப்போய்த் துடையுங்கள்.

முதலில் எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்

பலகை எழுதுகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. 'சர்க்கரைவள்ளிக்' என்று பெரிதாக ஆரம்பித்துவிட்டு, 'கிழங்கு' வரும்போது இடம் இல்லாமல் எழுத்து நசுங்கிக் கீழே இறங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆகவே ஒரு தாளில் சொற்களை எழுதி எழுத்துகளை எண்ணிக்கொள்ளுங்கள். ணை, ஞ, கௌ போன்றவை ஒன்றரை எழுத்து, இரண்டு எழுத்து இடம் எடுக்கும். அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பழைய பெயிண்டர் இருக்கிறார். அரிசி ஆலை, லாரி, தேர்தல் சுவர் என்று நாற்பது வருடம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கட்டிவைத்துவிட்டார். எழுத்தின் அளவு பற்றி அவரிடம்தான் கேட்டேன்.

"பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குலம்னு சொல்வாங்க சார். அது இங்கிலீஷ் எழுத்துக்கு. நம்ம எழுத்துக்கு உள்ளே சுழி இருக்கு, சுழிக்கு உள்ளே வெளிச்சம் தெரியணும். ஒன்றரை வையுங்க."

அவர் சொன்ன இன்னொரு விஷயம் கோடு. இரண்டு வரிக் கோட்டில் தமிழ் எழுத முடியாது. நான்கு கோடு வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு கோட்டுக்குள் எழுத்தின் உடம்பு. மேலே புள்ளிக்கும் கி, கீ ஆகியவற்றின் வளைவுக்கும் ஓர் இடம். கீழே த, ந, ற, ழ ஆகியவற்றின் வாலுக்கும், கு, மு, ரு ஆகியவற்றின் இறக்கத்துக்கும் ஓர் இடம். உடம்புக்கு இரண்டு பங்கு, மேலே ஒரு பங்கு, கீழே ஒரு பங்கு. 'முருங்கை' என்று எழுதிப் பாருங்கள், மு, ரு இரண்டும் கீழே இறங்கும், ங்-இன் புள்ளி மேலே ஏறும். அடுத்த வரியை ஒட்டி எழுதியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கோடு போட அளவுகோல் தேடாதீர்கள். நூலில் சாக்குத்தூளைத் தடவி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, நடுவில் இழுத்துவிட்டால் நேர்கோடு விழும். கொத்தனார் நூல் அடிக்கிற அதே முறைதான். எழுதி முடித்ததும் விரலால் தட்டினால் கோடு போய்விடும்.

மூன்று முடிவுகள்

'எனக்கென்று ஓர் எழுத்து' எப்படி வரும்? அச்செழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் வராது. உங்கள் கையெழுத்தையே பெரிதாக்கினாலும் ஒழுங்கு வராது. நான் பழகிப் பார்த்ததில் மூன்றே முடிவுகள் எடுத்தால் போதும்.

தமிழ் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற உறுப்புகள் மூன்று. சுழி: வ, ல, ள, ன, ண, எ ஆகியவற்றில் வருவது. மூலை: ட, ப, ம ஆகியவற்றில் வருவது. கூரை: க, ச, த, ந, ர ஆகியவற்றின் தலையில் வரும் படுக்கைக் கோடு.

சுழி எப்படி இருக்கப் போகிறது? தேங்காய் மாதிரி உருண்டையா, முட்டை மாதிரி நீளமா? மூலை கூர்மையா, மழுங்கலா? கூரை நேராக இருக்குமா, வலப்பக்கம் லேசாக உயருமா? இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டு, எல்லா எழுத்துக்கும் அதையே கடைப்பிடியுங்கள். 'க'வின் கூரை உயர்ந்தால் 'த'வின் கூரையும் அதே அளவு உயர வேண்டும். 'வ'வின் சுழி உருண்டை என்றால் 'ண'வின் மூன்று சுழியும் உருண்டைதான். ஒரே கை எழுதியது என்ற எண்ணம் இதில்தான் வருகிறது.

பழக ஒரு வழி சொல்கிறேன். 'தக்காளி', 'வெண்டை', 'பாகல்' என்ற மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சுழி, மூலை, கூரை மூன்றும் இவற்றுக்குள் வந்துவிடும். தினமும் சாயங்காலம் மாட்டுக்கொட்டகைச் சுவரிலோ தரையிலோ பத்து தடவை எழுதுங்கள். மணிக்கட்டை அசைத்து எழுதக் கூடாது, தோளிலிருந்து கை அசைய வேண்டும். மணிக்கட்டால் எழுதினால் எழுத்து தாளில் எழுதுவது போலச் சிறுத்துக்கொண்டே போகும். முதலில் மெல்லிய கோட்டில் எலும்புக்கூடு. அது சரியாக நின்ற பிறகுதான் சதை போட வேண்டும்.

சாக்பீஸை உடைத்துப் பிடியுங்கள்

சதை போடுவதற்குத் தடிமன் வேண்டும். பலர் ஒரே கோட்டின்மேல் ஐந்தாறு தடவை தேய்ப்பார்கள். ஓரம் பிசிறடிக்கும். அதற்குப் பதில் சாக்பீஸை அரை அங்குலத் துண்டாக உடைத்து, பலகையில் படுக்கவைத்துப் பிடியுங்கள். கீழே இழுத்தால் அரை அங்குலப் பட்டையாக விழும். அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் மெல்லிய கோடு விழும். துண்டைத் திருப்பாமல் எழுதினாலே தடித்ததும் மெலிந்ததும் தானாக மாறிமாறி வரும். வளைவில் தடிமன் மெல்லக் குறைந்து மெல்லக் கூடும். தலைப்பு வரிக்கு இது போதும். விவர வரிகளுக்குச் சாக்பீஸின் நுனியே போதும்.

இன்னும் பளிச்சென்று வேண்டுமென்றால், பெயிண்ட் அடித்த பலகையில், நுனியைத் தண்ணீரில் தொட்டு எழுதுங்கள். எழுதும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று எழும்பும். சட்டை உரசினாலும் லேசில் கலையாது. சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் அழுத்தமாக ஒட்டும். நான் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன். எறும்புக்கும் சேர்த்துப் பலகை வைக்க வேண்டாம்.

பயிரின் குணம் எழுத்தில்

இது கொஞ்சம் சந்தோஷமான பகுதி. எழுத்து ஒழுங்காக வந்துவிட்டால், பிறகு அதற்குக் குணம் கொடுக்கலாம். பலகையின் தலைப்பாக வரும் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும்.

'கருப்புக் கவுனி'யை வெள்ளையாக எழுத மனம் வரவில்லை எனக்கு. சுற்றிலும் சாக்பீஸால் நிரப்பி, எழுத்தைப் பலகையின் கறுப்பாகவே விட்டேன். அரிசியின் நிறம் எழுத்தில் வந்துவிட்டது. 'தூயமல்லி'க்கு நேர்மாறு: மெல்லிய கோடு, எழுத்துக்கு எழுத்து நல்ல இடைவெளி. 'மாப்பிள்ளைச் சம்பா' தடித்த எழுத்தில் கால் ஊன்றி நிற்க வேண்டும். 'குதிரைவாலி'யில் கடைசி 'லி'யின் வளைவை இழுத்துக் கீழே விட்டால் வால் கிடைத்துவிடும். 'முருங்கை'க்கு இறக்கங்களை நீட்டலாம். 'பாகல்' என்றால் கோட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன முண்டு. 'பூசணி'க்கு எல்லாச் சுழியும் கொழுத்து உருண்டிருக்கட்டும்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. எலும்புக்கூடு மாறக் கூடாது. வால் நீளலாம், 'லி' வேறு எழுத்தாகத் தெரியக் கூடாது. ஒரு பலகையில் ஒரு சொல் ஆடலாம். பத்துச் சொல்லும் ஆடினால் அது பலகை அல்ல, திருவிழா. மற்ற வரிகள் அடக்கமாக நிற்பதால்தான் அந்த ஒரு சொல் கண்ணில் படுகிறது. வண்ணச் சாக்பீஸும் அப்படித்தான். பெயருக்கு வெள்ளை, விலைக்கு மஞ்சள், அதோடு போதும். சிவப்பும் நீலமும் கறுப்பில் எடுப்பாகத் தெரியாது.

புள்ளியும் காலும் கொம்பும்

ஓலைச்சுவடியில் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழியும். காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேற்றுமை கிடையாது. இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். சுவடியைப் படித்தறிய உ.வே.சாமிநாதையர் போன்ற பெரியவர்கள் இருந்தார்கள். நம் பலகையைப் படிக்கிறவர் ஒரு கையில் பை, மறு கையில் குழந்தையோடு நிற்பவர். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது.

ஆகவே புள்ளியை அழுத்தி, உருண்டையாக, எழுத்துக்கு நேர் மேலே வையுங்கள். 'எள்'ளில் புள்ளி போனால் 'எள' என்று நிற்கும். கொம்பில் ஒரு சுழி குறைந்தால் 'தேன்' 'தென்' ஆகிவிடும். காலைக் கீழே வரைக்கும் நேராக இறக்கி நிறுத்துங்கள். 'ர'வுக்கு அடியில் சாய்ந்த வெட்டு தெளிவாக இருக்கட்டும்.

பிழை வேறு, வடிவம் வேறு. ஆனால் பலகையில் இரண்டும் சேர்ந்துதான் மானத்தை வாங்கும். நாட்டு வெல்லத்தை 'வெள்ளம்' என்று எழுதிய பலகையை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளு 'கொல்லு' ஆனால் வாங்க வந்தவர் பயந்துவிடுவார். 'அறை கிலோ' என்று எழுதினால் கன்னத்தில் விழுகிற மாதிரி இருக்கிறது. எழுதி முடித்ததும் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள், பத்தாவது படிக்கிற பேத்தி இருந்தால் மிக நல்லது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 'லை', 'ணை', 'ளை', 'னை' ஆகியவை இன்றைய வடிவத்துக்கு மாறின. நாம் சின்ன வயதில் படித்தது துதிக்கை வைத்த பழைய 'லை'. கை இன்னும் அதற்கே போகும். பலகையில் முதலில் வரும் சொல்லே 'விலை'. அடுத்தது 'கறிவேப்பிலை', 'முளைக்கீரை'. இளைய தலைமுறை சட்டென்று படிக்க வேண்டுமானால் புதிய வடிவத்தையே எழுதுங்கள்.

எண்கள்

விலையை எழுத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதுங்கள். 1-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும், 5-க்கும் 6-க்கும் குழப்பம் வரக் கூடாது. 7-இன் தலை நேர்கோடாக அகன்று இருக்கட்டும், 1-க்குத் தலையே வேண்டாம். 6-இன் வயிறு மூடியிருக்க வேண்டும், 5-இன் வயிறு திறந்திருக்க வேண்டும். 'ரூ.' என்று எழுதினால் அந்தப் புள்ளி சில சமயம் எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. 2010-இல் வந்த ₹ குறி, தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்தது, பலகைக்கு வசதியானது. ஒரே எழுத்தின் இடத்தில் அடங்கிவிடும். எண்ணுக்குப் பின்னால் '/-' போடுவது வங்கிப் பழக்கம், பின்னால் இன்னொரு எண்ணைச் சேர்த்துவிடாமல் இருக்க. பலகையில் அதற்குப் பதில் 'கிலோ', 'கட்டு', 'படி' என்று அளவை எழுதுங்கள். ₹40 என்றால் எதற்கு நாற்பது? அரை கிலோவுக்கா, ஒரு கிலோவுக்கா? சந்தையில் பாதி வாக்குவாதம் இதில்தான் வருகிறது.

கோலம் போடும் கை

எங்கள் சந்தைக்கு ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கத்தரியும் மிளகாயும் கொண்டுவருவார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றவர். சைக்கிளும் அப்போதுதான் பழகினாராம். அந்த நாட்களில் எத்தனையோ பெண்கள் கைநாட்டு வைப்பதை விட்டு, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டதை வங்கி மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்திருக்கிறேன். இவருடைய கத்தரி அதுவரை குழுவின் பொதுக் குவியலில்தான் போய்ச் சேரும். தனியாகப் பலகை வையுங்கள் என்றதும் மறுத்தார்.

"அண்ணே, எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் வரும். பலகையெல்லாம் எழுத வராது."

"கோலம் போடுவீங்கல்லம்மா?"

"அதுக்கென்ன, மார்கழி பூரா போடுவேன்."

பலகையில் ஒரு சிக்குக் கோலம் போடச் சொன்னேன். வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து வந்தார். இருபது சுழியும் ஓர் அச்சில் வார்த்த மாதிரி. பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இந்தச் சுழிக்கு நான் மூணு வருஷம் தேய்ச்சேன்" என்றார்.

பிறகு அந்த அம்மாவே வழி கண்டுபிடித்தார். நூல் அடிக்கவில்லை. பலகையில் கோலத்துக்கு வைப்பது போலவே புள்ளி வைத்தார். எழுத்தின் உயரத்துக்கு மூன்று புள்ளி, அகலத்துக்கு இரண்டு, 'ண', 'ணை' வந்தால் மூன்று, நான்கு. புள்ளியைப் பிடித்துக்கொண்டே எழுத்து போகும். எழுதிவிட்டுப் புள்ளிகளை விரல்நுனியால் துடைத்துவிடுவார். இடைவெளி, உயரம், நேர்வரிசை எல்லாம் ஒரே வேலையில் முடிந்தது. இப்போது எங்கள் சந்தையில் பாதிப் பேர் இந்த முறையில்தான் எழுதுகிறோம். மூன்றாம் வாரம் அவர் பலகை இப்படி இருந்தது:

முள்ளுக் கத்தரி
கிலோ ₹40
என் கொல்லையில் இன்று காலை பறித்தது

கீழே அவர் பெயர். பெயரை மட்டும் வங்கியில் போடுகிற அதே கையெழுத்தாக எழுதியிருந்தார்.

பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவரிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஓட்டைக் காய் ஏன் இருக்கிறது, என்ன கரைசல் அடிக்கிறீர்கள், எத்தனை நாள் இடைவெளி என்று. எழுதியவர் அவர், ஆகவே பதிலும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொதுக் குவியலில் இருந்தவரை யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு வாரம் செடியில் காய் இல்லை. கூடைக்குக் கால்வாசிதான் வந்தது. குழுவில் ஒருவர், "மார்க்கெட்ல ஒரு பெட்டி எடுத்துட்டு வந்து இதோட கலந்துருவோம், யாருக்குத் தெரியப்போகுது" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. இருந்த காயை விற்று முடித்தார். பத்து மணிக்குத் துணியை எடுத்துப் பலகையில் முதல் வரியை அழித்தார்.

"என் கையால எழுதிட்டு, என் கொல்லையில காய்க்காததை எப்படிண்ணே விக்கிறது?"

அந்த வாரம் அவருக்கு வருமானம் கம்மிதான். பெட்டி கொண்டுவரலாம் என்றவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுதக் கூடாதவை

எழுத்து அழகாக வர வர இன்னொரு ஆபத்து வரும். எதை எழுதினாலும் நம்பும்படி இருக்கும். 'நூறு சதவீதம்', 'சர்க்கரை நோய் தீரும்', 'புற்றுநோய் அண்டாது' என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அரிசி அரிசிதான், அதை மருந்து என்று விற்க நமக்கு உரிமை இல்லை. 'ஆர்கானிக்' என்று விற்பதற்கு 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சான்று கேட்கின்றன. நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு இருந்தாலும், சான்று முத்திரையைச் சான்று இல்லாதவர் பலகையில் வரையக் கூடாது.

செய்ததை எழுதுங்கள். 'ரசாயன உரம் போடவில்லை, மூன்றாம் ஆண்டு.' 'மூலிகைப் பூச்சிவிரட்டி மட்டும்.' 'சொந்த விதை.' இப்படி எழுதினால் யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாங்கி விற்றால் 'பக்கத்துத் தோட்டத்துக் காய்' என்றே எழுதுங்கள். அதையும் நம்பி வாங்குகிறார்கள்.

அடுத்த சந்தைக்கு முன்னால்

இரண்டடிக்கு மூன்றடிப் பலகை ஒன்று போதும். எல்லாக் காயையும் அதில் திணிக்காதீர்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. முதல்நாள் இரவே தாளில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பு வரியைக் காலையில் வீட்டிலேயே எழுதிவிடுங்கள். விலையைச் சந்தைக்குப் போன பிறகு எழுதுங்கள். எழுதியதும் பத்தடி பின்னால் போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். பெயரும் விலையும் அப்போதும் தெரிந்தால் பலகை சரி. தெரியாவிட்டால் ஒரு வரியை அழித்து மற்றதைப் பெரிதாக்குங்கள்.

கடைசி வரியில் யார் பயிர் செய்தாரோ அவர் பெயர் வரட்டும். வயலில் குனிந்தது மனைவியாக இருந்தால் மனைவி பெயர். அதை அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, புள்ளி வைத்து இரண்டு வாரம் எழுதினால் நேராகிவிடும்.